துத்தநாக மண்ணில் ஒடிலியாவின் லெட்யூஸ்

என் ஓரகத்தி ஒடிலியா ராடர்மாகரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். என் கணவருடைய அண்ணன் மனைவி, என்னைவிட மூத்தவள். மரியாதையாக "அவர்" என்றுதான் ஆரம்பித்தேன், பேனா நகரவில்லை. நேரில் "அக்கா, நீங்க" என்று பேசுகிறவள் நான். எழுத்திலாவது கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒடிலியா அந்த முயலைச் சமைத்து, பரிமாறி, நம்மையே எண்ணிப் பார்க்கச் சொல்லி, மூன்று என்று நம் வாயாலேயே வரவழைத்துவிடுவாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. எங்கள் பாதிரியார் ஒருமுறை முயன்றார். அதற்கப்புறம் அவர் கோயிலுக்குப் போவதே பின்தெரு வழியாகத்தான்.

அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. ஐஃபெல் மலைப்பக்கம், மாடும் புல்லும் பனியும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு கிராமத்துப் பண்ணைக்காரர் மகள். எங்களுடையது சுரங்க ஊர். துத்தநாகம் தோண்டி, கழுவி, உருக்கி, பாதி ஐரோப்பாவுக்குக் கூரைத் தகடு அனுப்பிய ஊர். சுரங்கம் மூடியபோது நான் பிறக்கக்கூட இல்லை. மிச்சம் இருப்பது கழிவு கொட்டிய மேடும், அந்த மேட்டில் மே மாதம் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும் துத்தநாகப் பூவும்தான்.

வேறெந்தச் செடியும் வேர்விடப் பயப்படுகிற மண்ணில் அது நிற்கும். துத்தநாகமும் ஈயமும் வேரோடு நின்றுபோகும்படி ஏதோ செய்துகொண்டு, இலைக்கு அதிகம் ஏறவிடாமல், தன்பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே வெள்ளைப் பூ வைத்த ஒரு குட்டைச் செடி உண்டு. அதன் வழி நேர்மாறு. கிடைத்த உலோகத்தையெல்லாம் உறிஞ்சி இலையில் பூட்டி வைத்துக்கொள்ளும். புழு ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த செடியைப் பார்க்கப் போய்விடும். ஒன்று வாசலைச் சாத்திக்கொண்டு பிழைக்கிறது, இன்னொன்று விழுங்கிப் பிழைக்கிறது. இரண்டையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும்: மஞ்சள் பூ இருக்கிற இடத்தில் கிழங்கு நடாதே, ஆடு கட்டாதே.

ஒடிலியா கல்யாணமாகி வந்தபோது எங்கள் மாமனார் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலம் அப்படிப்பட்டதுதான். அந்தக் காலத்தில் தாதுவைக் கழுவிய களம். மாமனார் அங்கே ஒரு புறாக்கூண்டும் துணி காயப்போடுகிற கொடியும் மட்டும் வைத்திருந்தார். மற்ற இடமெல்லாம் மஞ்சள் பூ.

"இவ்வளவு எடத்த வெச்சுக்கிட்டுத் துணி காயப்போடறீங்களா மாமா?" என்று கேட்டாளாம் புதுப்பெண்.

"பூ இருக்கு பாரும்மா. அதுல எதுவும் வெக்கக் கூடாது."

"மண்ணு பசியில கெடக்கு. வயித்துக்குப் போட்டா எல்லாம் சரியாயிடும்."

போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஓர் உழைப்பை நான் பார்த்ததில்லை. முயல் எரு, கோழி எரு, மக்கிய இலை, அடுப்புச் சாம்பல், எது கிடைத்தாலும் அந்த நிலத்துக்குத்தான். அவள் கணவர் லாம்பர்ட் அத்தான் பஸ் ஓட்டுநர். அவருடைய வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில் ஒரு குதிரை லாயம் இருந்தது. வாரம் தவறாமல் அங்கிருந்து சாக்கு சாக்காகக் குதிரை எரு பஸ்ஸின் பின்சீட்டில் ஏறி வந்தது. பயணிகள் புகார் செய்தார்கள். மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். அத்தான் எல்லாரிடமும் "சரி" என்றார். அடுத்த வாரமும் சாக்கு வந்தது. அவருக்கு வாழ்க்கையில் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

சில வருஷங்களில் மண் கறுத்தது, மண்புழு வந்தது, புல் அடர்ந்தது, மஞ்சள் பூ ஒன்றுகூட இல்லாமல் மறைந்தது. ஒடிலியா தெருவில் நின்று அறிவித்தாள்.

"பாத்தீங்களா? பூ போயிடுச்சு. வெஷமும் போயிடுச்சு. சுரங்கக்காரங்களுக்கு மண்ணத் தோண்டத்தான் தெரியும், வளக்கத் தெரியாது."

இங்கேதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. எங்கள் சட்டத்தையே எடுத்து, தலைகீழாகத் திருப்பி, எங்கள் மேலேயே வீசினாள். பூ இருந்தால் விஷம் இருக்கிறது, சரி. பூ இல்லாவிட்டால் விஷம் இல்லை என்று யார் சொன்னது? அந்தப் பூ கெட்ட மண்ணில்தான் ராஜா. அங்கே போட்டிக்கு ஆள் கிடையாது. எரு போட்டால் புல்லும் களையும் கொழுத்து வந்து அதை நெரித்துத் தள்ளிவிடும். ஓடிப்போனது பூ மட்டும். உலோகம் எங்கே ஓடும், அதற்கென்ன காலா இருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், சோற்றுக்குப் பதில் குதிரை எரு.

அந்த மண்ணில் அவள் லெட்யூஸ் போட்டாள், முட்டைக்கோஸ்போல உருண்டு வருகிற சாலட் கீரை. என்ன லெட்யூஸ் என்கிறீர்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு, பளபளவென்று, ஓட்டை ஒடிசல் இல்லாமல். ஊர்த் தோட்டச் சங்கத்தின் செப்டம்பர் கண்காட்சியில் முதல் பரிசு எப்போதும் அவளுக்குத்தான். வேலிக்கு மேலாக எல்லா வீட்டுக்கும் கொடுப்பாள். எங்கள் ஊரில் வேலிக்கு மேலே நீட்டியதை வாங்காமலிருப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்காமலிருப்பதைப் போல. அதனால் எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கினார்கள். கதவைச் சாத்தியதும் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அந்த நிலம் என்னவாக இருந்தது என்று அவர்களுக்கும் தெரியும். நான் ஒருத்திதான் முகத்துக்கு நேராக "வேண்டாம்க்கா, அது கழுவுகளத்து மண்ணு" என்று திருப்பிக் கொடுத்தவள். அதனால் ஊரில் எனக்கு வாய்த்துடுக்கு என்று பெயர். குப்பையில் போட்டவர்களுக்கு நல்ல பெயர்.

ஆக, அந்த லெட்யூஸை உண்மையில் தின்றது ஒரே ஒரு ஆள். சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டு லாம்பர்ட் அத்தான் வரும்போது மேசையில் பெரிய கிண்ணம் தயாராக இருக்கும். பாலாடை, வினிகர், சர்க்கரை கலந்து, அவித்த முட்டை நறுக்கிப் போட்ட சாலட். ஞாயிற்றுக்கிழமை மதியமும் அதுதான், கூடவே உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும். கிண்ணத்தில் முக்கால்வாசி அவருக்கு. ஒடிலியா தனக்கென்று நாலு இலை எடுத்துக்கொண்டு, அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பனிக்காலத்தில் அதே பாத்தியிலிருந்து பசலைக்கீரை.

ஓய்வுபெற்ற மறு வருஷம் அவருக்குக் கால் வீங்கியது. களைப்பு என்றார். முகமும் வீங்கியதும் நானும் ஒடிலியாவும் சேர்ந்து அவரை டாக்டரிடம் அழைத்துப்போனோம். டாக்டர் பௌலி சின்ன வயசுப் பெண், கென்ட் நகரத்திலிருந்து புதிதாக வந்தவள். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த வாரம் எங்களை உட்காரவைத்துக் கேட்டாள்.

"வீட்டுத் தோட்டத்துக் கீரை சாப்பிடறீங்களா?"

"தெனமும்," என்றாள் ஒடிலியா, பதக்கம் வாங்கப் போகிறவள்போல நிமிர்ந்து.

"உங்க வீட்டுக்காரர் கிட்னி ரெண்டும் பாதிக்கு மேல போயிருக்கு. சிறுநீர்ல காட்மியம்னு ஒரு வெஷ உலோகம் இருக்கு. துத்தநாகம் இருக்கிற மண்ணுல அதுவும் கூடவே இருக்கும். லெட்யூஸ், பசலை மாதிரி இலைங்க அத நல்லா உறிஞ்சும். தக்காளி, பீன்ஸ் அவ்வளவா எடுக்காது. போனது திரும்பாதும்மா. மிச்சத்தக் காப்பாத்தணும்னா அந்தத் தோட்டத்து இலைய இன்னையோட நிறுத்தணும். இல்லன்னா ரத்தத்த மெஷின்ல ஓட்டிச் சுத்தம் பண்ற நெலம வரும்."

"டாக்டர், நீங்க என் லெட்யூஸப் பாத்திருக்கீங்களா? வெஷம்னா மொதல்ல செடி சாகாதா?"

"சாகாது. அதான் பிரச்சினை. பச்சையா, அழகா நிக்கும். வேணும்னா மண்ணக் கொஞ்சம் எடுத்து அனுப்புங்க, சோதிச்சுப் பாக்கலாம்."

"எதுக்கு? என் தோட்டத்துல ஒரு மஞ்சப் பூகூடக் கெடையாது."

டாக்டருக்கு அது புரியவில்லை. மஞ்சள் பூவுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் விளக்கத் தொடங்குவதற்குள் ஒடிலியா கைப்பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். அத்தான் டாக்டரிடம் "சரி" என்றார். வாசலில் ஒடிலியா "பட்டணத்துப் பொண்ணு, அதுக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்" என்றதற்கும் "சரி" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் என்ன நடந்தது தெரியுமா? கிண்ணத்தைப் பெரிதாக்கினாள். ரத்தம் கெட்டிருக்கிறதாம், பச்சை இலைதான் ரத்தத்துக்கு நல்லதாம். நான் கத்தினேன். என் கணவர் ஹைன் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். அம்மி நகரும், ஒடிலியா நகரமாட்டாள்.

"அக்கா, புருஷன் உங்களுக்கு வேணுமா வேண்டாமா?"

"வேணும்னுதான் ஊட்டறேன். நீ கடையில வாங்கித் திங்கிறியே, மருந்தடிச்ச பிளாஸ்டிக் லெட்யூஸ், அதவிட இது மோசமா?"

"ஆமா, மோசம்தான்."

"பூ எங்கடி? காட்டு. ஒரு பூவக் காட்டு, நான் நிறுத்தறேன்."

பூவை நான் எங்கே போய்க் காட்டுவேன். அத்தனை எருவுக்கு நடுவில் அது எப்படி வரும் என்று சொன்னால், செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் அத்தானைத் தனியாகப் பிடித்தேன். புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீங்கிய காலை ஒரு பெட்டிமேல் வைத்திருந்தார்.

"அத்தான், நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்களேன்."

"சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும் திரேஸ்? வருஷம் பூரா குனிஞ்ச முதுகு நிமிராம வேல பாக்கறா."

"உங்க கிட்னி போகுதே."

"ரெண்டு குடுத்திருக்கானே ஆண்டவன்."

"ரெண்டும்தான் போகுது."

"அப்படியா சொன்னா அந்தப் பொண்ணு?" என்று புறாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை உதைத்திருப்பேன். நோயாளியின் காலாயிற்றே என்று விட்டேன்.

அந்த அக்டோபரில் அவர்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் உடைந்தது. ஆட்கள் வந்து லெட்யூஸ் பாத்திக்கு நடுவே ஆழமாகப் பள்ளம் வெட்டி, புதுக் குழாய் போட்டு, மூடிவிட்டுப் போனார்கள். எப்போதும்போல ஏனோதானோ வேலை. அடியில் கிடந்த சாம்பல் நிற மண் மேலே வந்துவிட்டது. ஒடிலியா எரு போட்டு மூடியிருப்பாள். ஆனால் நவம்பர் பிறந்ததும் அத்தான் ஒருநாள் மூச்சு வாங்கிச் சரிந்தார். ஆய்ப்பன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பனிக்காலம் முழுக்க அவள் காலையில் பஸ் ஏறிப் போய், இருட்டியபின் பஸ் ஏறித் திரும்பினாள். எருச் சாக்கைத் தூக்கிவர ஆளும் இல்லை, அவளுக்கு நினைப்பும் இல்லை. மார்ச்சில் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர்கள் சொன்னது ஒன்றுதான்: கிட்னி வேலை செய்வது இன்னும் கொஞ்சம் குறைந்தால் மெஷின்தான்.

அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு இவள் நேரே தோட்டத்துக்குப் போய் லெட்யூஸ் விதை தூவினாள். நான் அன்று அவளோடு பேசவில்லை. பேசியிருந்தால் போலீஸ் வந்திருக்கும்.

மே கடைசியில் ஒருநாள் காலை, அடுத்த வீடான எங்கள் கொல்லையில் துணி காயப்போட வந்தவள் வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தேன். ஒடிலியா கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. வேலியைத் திறந்துகொண்டு போனேன்.

குழாய்ப் பள்ளம் போன வழியெல்லாம், அந்தச் சாம்பல் மண் கோட்டில் மட்டும், மஞ்சள் பூ பூத்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, கை நிறைய இருக்கும். கூடவே அந்த வெள்ளைப் பூக் குட்டைச் செடியும் இரண்டு மூன்று. கோட்டுக்கு இரண்டு பக்கமும் அவளுடைய லெட்யூஸ், கொழுகொழுவென்று.

"மேட்டுலேருந்து காத்துல வந்த வெத," என்றாள் என்னைப் பார்க்காமல்.

"வருஷா வருஷம் வராத காத்தாக்கா? மத்த எடத்துல விழலையா?"

கையிலிருந்த ஒரு பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாக இந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பெருந்தன்மையாக மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"டாக்டர் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க." பிறகு தரையைப் பார்த்துக் கேட்டாள். "நான் போட்ட எருவெல்லாம் என்னடி ஆச்சு, திரேஸ்?"

"லெட்யூஸ் ஆச்சு. அது அத்தானுக்குள்ள போச்சு."

சொன்னது சொன்னதுதான். அவளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். அவள் அழவில்லை. எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு கோடியிலிருந்து லெட்யூஸைப் பிடுங்க ஆரம்பித்தாள். நானும் மறுகோடியிலிருந்து பிடுங்கினேன். பசலை, பீட்ரூட், எல்லாம். ஒன்றையும் எருக்குழியில் போடவில்லை, சாக்கில் கட்டி நகராட்சி வண்டிக்கு வைத்தோம். வேலிக்கு மேலாக மறுபக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "அடடா, நல்ல லெட்யூஸாச்சே" என்றாள். குப்பைத் தொட்டிக்காரி. நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னையும் ஹைனையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சனிக்கிழமை அவள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் காசு கொடுத்து லெட்யூஸ் வாங்கினாள். பிளாஸ்டிக் உறையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். திருடிக்கொண்டு வருகிறாள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

வழக்கம்போலப் பாலாடை, வினிகர், சர்க்கரை, முட்டை. கிண்ணம் மட்டும் சின்னது. டாக்டர்கள் அவருக்கு அளவு சொல்லியிருந்தார்கள். அத்தானின் தட்டில் அவளே எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு எப்போதும்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முள்கரண்டியால் குத்தி, மென்று, விழுங்கி, எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"ஒங்கையில வெளஞ்சதுன்னா தனி ருசிதான், ஒடிலி."

ஹைன் தண்ணீர் குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். ஒடிலியாவின் முகம் சிவந்தது.

"அது கடையில வாங்கினது."

"அப்படியா?" என்று தட்டைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

"ருசி வித்தியாசம் தெரியலையா? என் லெட்யூஸுக்கும் இதுக்கும்?"

அவருக்கு உடம்பு சரியில்லாததாலோ, மருந்து மயக்கமோ, இல்லை பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டதோ, தெரியவில்லை. முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும் ஒடிலி? எனக்கு எலதழையே புடிக்காதே."

"புடிக்காதா?"

"பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்தே புடிக்காது. எங்கம்மா எனக்குப் போடவே மாட்டாங்க. ஹைனக் கேளு."

ஹைன் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதன், ஒரு வார்த்தை என்னிடம்கூடச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் அவருக்கு என்னிடம் கச்சேரி நடந்தது, அது வேறு கதை.

"அப்புறம் எதுக்குத் தின்னீங்க?" ஒடிலியாவின் குரல் மெலிந்து போயிருந்தது.

"நீ வளத்தியே."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் வாயத் தெறந்து புடிக்கலன்னு சொல்லியிருந்தா..."

"நீ கேக்கலையே," என்றார் அத்தான். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த இரண்டு பேரையும் பிடித்துத் தலைக்குத் தலை மோதவிட வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஒருத்தி கேட்கவே மாட்டாள், ஒருத்தர் சொல்லவே மாட்டார். நடுவில் போனது இரண்டு கிட்னி. ஒடிலியா அவர் தட்டிலிருந்த இலையையெல்லாம் தன் தட்டில் தள்ளிக்கொண்டு, அவருக்கு இன்னும் ஒரு உருளைக்கிழங்கு வைத்துவிட்டு, தலை நிமிராமல் தின்னத் தொடங்கினாள்.